டோலன் பள்ளத்தாக்கில் ஐம்பத்தெட்டு சதவீதம்

மலைச்சரிவு முழுவதும் காற்றின் ஈரம் ஒன்பது சதவீதம். டோலன் பள்ளத்தாக்கில் மட்டும் ஐம்பத்தெட்டு.

அந்த எண்ணை நம்பியது நான்தான். நம்பியதோடு விட்டேனா? அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து, ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஓடை பக்கத்தில் இருக்கிறது, சூரியன் தாமதமாக வருகிறது, குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குகிறது என்று படம் வேறு வரைந்திருந்தேன். படித்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். படம் போட்டுக் காட்டினால் எங்கள் அலுவலகத்தில் எதையும் நம்புவார்கள்.

என் வேலை இதுதான்: மின்சாரக் கம்பெனிக்காக மூன்று மாவட்டங்களில் நூற்றுப் பன்னிரண்டு வானிலைக் கம்பங்களைப் பராமரிப்பது. அக்டோபரில் வடக்கிலிருந்து காய்ந்த காற்று இறங்கும். கம்பிகள் ஆடி உரசும், மரம் முறிந்து கம்பியில் விழும், ஒரு பொறி போதும், கலிஃபோர்னியா மலையடிவாரத்தில் ஒரு ஊர் மதியச் சாப்பாட்டுக்கு முன் காணாமல் போய்விடும். அதனால் காற்று ஏறி ஈரம் இறங்கினால் கம்பெனியே முன்கூட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். எந்த லைனை நிறுத்துவது, எதை விடுவது என்பதை என் கம்பங்கள் அனுப்பும் எண்கள்தான் சொல்லும். கம்பம் உண்மை சொன்னால் ஊர் இருட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டும். பொய் சொன்னால் திட்டுவதற்கு ஊர் இருக்காது.

ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து டோலன் கம்பம் மட்டும் ஈரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் இரண்டு முறை சுற்றுவட்டாரம் முழுக்க நிறுத்தினோம், டோலனை விட்டுவைத்தோம். அங்குள்ள நாற்பத்துமூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கூடை ஆப்பிள் அனுப்பினார்கள். மின்சாரக் கம்பெனிக்கு யாராவது எதையாவது அன்பாக அனுப்பி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நானும் வெட்கமில்லாமல் இரண்டு ஆப்பிள் தின்றேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. விடியும்போதே காற்று வந்துவிட்டது. வண்டிக் கதவைத் தொட்டபோது விரலில் சுரீரென்று மின்சாரம் அடித்தது. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. பகல் பன்னிரண்டுக்கு மற்ற எல்லா லைனையும் நிறுத்தினார்கள். நான் டோலனுக்குப் போகும் திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அலுவலகத்தில் இருக்கும் பெல்ட்ரானைக் கூப்பிட்டேன். எண்களைப் பார்த்து லைனை நிறுத்தச் சொல்பவன் அவன்தான். ஒன்பது வருடமாக ஒருவரையொருவர் வாரிக்கொண்டே வேலை பார்க்கிறோம்.

"டோலன் என்ன சொல்லுது?"

"ஐம்பத்தெட்டு. காத்து மணிக்கு ஆறு மைல். உன் ஐஸ்பெட்டி இன்னைக்கும் ஜில்லுனு இருக்கு, சில்வேரா. பேசாம அங்கேயே ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்கோ."

"மேட்டு மேல இருக்கற கம்பம்?"

"ஈரம் ஒன்பது. காத்து நாப்பத்தெட்டு, நடுவுல நடுவுல அம்பத்தஞ்சு வரைக்கும் போகுது."

"நடுவுல ரெண்டே மைல்தான் தூரம், பெல்ட்ரான்."

"அத எங்கிட்ட ஏன் சொல்ற? எழுதிக் குடுத்தது நீ. படம் ரொம்ப அழகா இருந்துச்சு."

போனை வைத்துவிட்டு இறங்கத் தொடங்கினேன். டோலனுக்குள் போக வர ஒரே சாலை, அதுவும் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய சாலை. நான் எழுதியது உண்மையானால் கீழே இறங்க இறங்கக் குளிர வேண்டும். குளிரவில்லை. பைன் மரத்து ஊசியிலைகள் சாலையின் குறுக்கே ஓடை மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. அந்த வளைவுகளில் எப்போதும் கத்தித் தொலைக்கும் நீலப் பறவைகள் ஒன்றுகூட இல்லை. ஒரு மான் சாலையோரத்தில் நின்றது. வண்டி அதன் மூக்குக்கு ஒரு கை தூரத்தில் போயும் அது நகரவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. கீழே, பள்ளத்தாக்கின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

கோடியில் இருப்பது ஆர்வில் ஹேகனின் நிலம். அவருடைய புல்வெளியில்தான் எங்கள் கம்பம் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, மே மாதம், போய்ப் பார்ப்பேன். எண்பது வயதுக்காரர், தேனீ வளர்ப்பவர், அதிகம் பேசாதவர். அவர் மனைவி லவானை ஜன்னல் வழியாக இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூக்கில் குழாயோடு கையசைப்பார். இந்த மே மாதம் ஜன்னலில் யாரும் இல்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியை வேலியோரம் நிறுத்தி இறங்கியதும் புல்வெளியின் நடுவில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன்.

பூப்போட்ட இரவு உடை. முகம் தெரியவில்லை. கைகள் இரண்டும் காற்றில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு ரீங்காரம் வேறு கேட்டது, உயர் அழுத்தக் கம்பியின் கீழே நின்றால் கேட்குமே, அந்த மாதிரி. நான் "ஹலோ" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பத்து அடி நெருங்கிய பிறகுதான் அது பெண் இல்லை, என் கம்பம் என்று தெரிந்தது.

ஈரத்தை அளக்கும் கருவியைச் சுற்றி மூன்று இரவு உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியிருந்தார்கள். எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. மேலே ஒரு தோட்டக் குழாய் துளித்துளியாக ஒழுகிக்கொண்டிருந்தது. ரீங்காரம் தேனீக்களுடையது. துணியே கறுப்பாகத் தெரியும் அளவுக்கு மொய்த்திருந்தன. கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் பச்சைப்புல். சுற்றியிருந்த மரங்களெல்லாம் குனிந்து நிமிர்ந்து பேயாட்டம் ஆடின, கம்பத்தின் உச்சியில் காற்றை அளக்கும் கிண்ணங்கள் மட்டும் அவசரமே இல்லாமல் சுற்றின. அச்சிலிருந்து கெட்டியாக ஏதோ வழிந்து கம்பம் முழுக்க இறங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். தேன்.

பத்தொன்பது வருட வேலையில் துப்பாக்கியால் சுட்ட கம்பத்தைப் பார்த்திருக்கிறேன், கரடி கடித்த வயரைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"தேனீ ஒன்னும் பண்ணாதும்மா. அதுக்குத் தண்ணி வேணும், அவ்வளவுதான்."

ஆர்வில் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் வாளி. பொய் சொல்லப் பார்க்கவில்லை, ஓடப் பார்க்கவில்லை. ஏணியைக்கூட மறைக்காமல் மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். "உங்க தலைக்கு மேல போற கம்பியில இப்ப கரண்ட் ஓடுது, தெரியுமா? எல்லாப் பக்கமும் அணைச்சாச்சு. இங்க மட்டும் ஓடுது. இந்தத் துணிய நம்பி!"

"ஓடணும்னுதானே பண்ணேன்."

"எதுக்கு?"

"லவானோட மெஷினு கரண்ட்லதான் ஓடும். அதுல இருந்த பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆச்சு."

என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இதற்கு வழி இருக்கிறது. மூச்சுக்கு மெஷினை நம்பியிருப்பவர்களின் பட்டியல் ஒன்று கம்பெனியில் உண்டு. அதில் பெயர் இருந்தால், நிறுத்துவதற்கு முன் ஆள் போய் பேட்டரி கொடுத்து வருவான்.

"லிஸ்ட்ல பேர் குடுத்தா அவங்களே பேட்டரி கொண்டாந்து வெப்பாங்களே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"பேர் இருந்துச்சு. மார்ச்சுல எடுத்துட்டாங்க."

"ஏன்?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அவ செத்துட்டாளாம்," என்றார்.

வீட்டுக்குள் போனோம். உண்மையைச் சொல்கிறேன், அலுவலகத்துக்குப் பேச அவர் சமையலறைப் போன் வேண்டும் என்பதற்காகத்தான் போனேன். பள்ளத்தில் கைப்போன் எடுக்காது. ஆனால் வாசலைத் தாண்டியதுமே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. ப்ஸ். கொஞ்சம் இடைவெளி. ப்ஸ்.

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா கடைசி இரண்டு வருடத்தை இதே மாதிரி மெஷினோடு கழித்தார். அது சும்மா ஊதிக்கொண்டே இருக்கும் ரகம் இல்லை. மூக்கில் மாட்டிய குழாய் வழியே ஆள் மூச்சை இழுத்தால்தான் ஒரு ஊது ஊதும். ஒரு நிமிடம் இழுக்காவிட்டால் பீப் பீப் என்று கத்தி வீட்டையே எழுப்பும். அப்பா குழாயைக் கழற்றி வைத்துவிட்டுத் திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கப் போகும்போதெல்லாம் அது கத்திக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

படுக்கையறையில் கட்டில் சுத்தமாக விரித்திருந்தது. தலையணை மேல் குழாய் கிடந்தது. யாரும் இல்லை. மெஷின் ஊதியது.

"நான் கிறுக்கன் இல்ல," என்றார் ஆர்வில். "நானேதான் அடக்கம் பண்ணேன். கல்லும் வெச்சாச்சு. மெஷினை ஆஸ்பத்திரிக்காரங்க வந்து எடுத்துக்கறோம்னாங்க, வரல. எனக்கு அணைக்க மனசு வரல. ரெண்டு நாள் கத்திட்டே கெடந்துச்சு. மூணாம் நாள் காலைல கத்தறது நின்னுது. வந்து பாத்தா இழுக்கறா."

"ஆர்வில், காத்து. ஜன்னல் இடுக்குல காத்து வந்து குழாய் வாய்ல பட்டா, இந்த மெஷினு அத மூச்சுன்னு நெனச்சுக்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கோளாறு."

"ஜூலைக் கடைசியில ஒன்பது மணி நேரம் கரண்ட்ட நிறுத்துனீங்க," என்றார் அவர், நான் பேசாதது மாதிரி. "திரும்ப வந்தப்ப அவ இல்ல. ரெண்டு நாள் கத்துச்சு. மூணாம் நாள் திரும்பி வந்தா. ஆனா மெல்லிசா வந்தா. முன்ன மாதிரி இல்ல. இன்னொரு தடவை போனா வர மாட்டா. அதான் ஏணிய எடுத்தேன்."

ஜன்னலிடம் போனேன். ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதை அழுத்தி மூடி, தாழ்ப்பாள் போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டேன். இப்போது கத்தும் பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தபடி நின்றேன். திரைச்சீலை அசையாமல் தொங்கியது.

ப்ஸ்.

கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினான்கு. அடுத்த நிமிடமும் பதினான்கு. வெளியே காற்று ஒரு முறை நாற்பதில் வந்தது, ஒரு முறை அடங்கியது, ஒரு முறை வீட்டையே உலுக்கியது. நான் காற்றை அளந்து சம்பளம் வாங்குகிறவள். காற்று ஒருநாளும் பதினான்கு பதினான்காக வந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக, எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்யும் ஒன்றைச் செய்தேன். விரலை நக்கி ஈரமாக்கி, குழாய் முனையில் வைத்தேன். ஊதும்போது விரல் குளிர்ந்தது. அது சரி, ஊதினால் குளிரத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு ஊதலுக்கும் சற்று முன்னால் விரலின் மறுபக்கமும் குளிர்ந்தது. தலையணைக்கு மேலே ஏதோ ஒன்று காற்றைத் தன் பக்கம் இழுத்தது. நான் விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

மணி இரண்டு ஐம்பது. மூன்று பத்துக்குப் பள்ளிப் பேருந்து டோலனுக்குள் இறங்கும்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுரும்மா," என்றார் ஆர்வில். அவர் கெஞ்சுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "சாயங்காலம் காத்து அடங்கிடும். நான் கம்பத்துலேர்ந்து எல்லாத்தையும் எடுத்துடறேன். போலீஸ்ல வேணா சொல்லு. இன்னைக்கு ஒரு நாள்."

"நாப்பத்திமூணு வீடு இருக்குங்க."

"எனக்கும் எண்ணத் தெரியும்," என்றார்.

சமையலறைச் சுவரில் இருந்த போனை எடுத்தேன். அதன் வயர் நீளமானது. அங்கிருந்து கட்டிலும் தெரிந்தது, அவரும் தெரிந்தார்.

"பெல்ட்ரான், கம்பம் பொய். யாரோ கை வெச்சிருக்காங்க. ஈரம் ஒன்பது, காத்து அம்பதுன்னு வெச்சுக்கோ. டோலன் லைனை அணை. உடனே."

அவன் குரல் மாறியது. விளையாட்டு போய்விட்டது. "சரி. வரிசையாக் கேக்கறேன், பதில் சொல்லு. இடத்துல இருக்கறது நீதானே?"

"ஆமா."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"அந்த லைன்ல மெஷினை நம்பி மூச்சு விடறவங்க யாராவது இருக்காங்களா?"

விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி. இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு வழி செய்யாமல் லைனைத் தொட மாட்டார்கள். டோலனுக்குப் பேட்டரி வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். உள்ளே மெஷின் ஊதியது. ஆர்வில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில்வேரா? யாராவது இருக்காங்களா?"

"இல்ல," என்றேன்.

"பத்துப் பன்னெண்டு நிமிஷம் ஆகும்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஆர்வில் திட்டவில்லை. உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார். நான் வாசற்படியில் நின்றேன். பதினோரு நிமிடம் ஆனது. அந்தப் பதினோரு நிமிடமும் அவர் தலையணைப் பக்கம் குனிந்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். தேனைப் பற்றி, கூரையில் பெயர்ந்துபோன ஓடு பற்றி, ஒரு தடவை என்னைப் பற்றியும். "மோசமான பொண்ணு இல்ல," என்றது மட்டும் காதில் விழுந்தது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஊதல் வேகமானது. பதினெட்டு, இருபத்திரண்டு. பயந்தவர்கள் அப்படித்தான் மூச்சு விடுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் விட்டார்.

சமையலறையில் குளிர்பெட்டி உறுமல் நின்றது. சுவர்க் கடிகாரத்தின் விளக்கு போனது. அறையில் ஒன்றுமே கேட்கவில்லை.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கம்பத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று வாய்க்குள் முனகிக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். புதுக் கிண்ணங்களை எடுக்கப் பின்கதவைத் திறந்தேன். கிண்ணப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேட்டரிகள் இருந்தன. நூற்றுப் பன்னிரண்டு கம்பமும் ஓடுவது இந்த ரகப் பேட்டரியில்தான். முழுதாகச் சார்ஜ் ஏற்றியவை. வீட்டுக் கருவியை அதில் மாட்டும் இன்வெர்ட்டரும் கூடவே இருந்தது. தினமும் காப்பி போட அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கட்டிலிலிருந்து நாற்பது அடி தூரம்தான் இருக்கும். பதினோரு நிமிடம் நான் படியில் கை கட்டி நின்றிருக்கிறேன். எனக்கு அது மறந்துபோகவில்லை. அப்படிச் செய்யலாம் என்றே தோன்றவில்லை. செத்தவளுக்கு யார் பேட்டரி தூக்குவார்கள்?

தூக்கிக்கொண்டு ஓடினேன். மூச்சிரைக்க மாட்டினேன். மெஷின் விழித்துக்கொண்டது, பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் இருவரும் குனிந்து காத்திருந்தோம். ஒரு நிமிடம் கழித்து பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.

அப்போதுதான் வெளியே அந்த முறிவு கேட்டது. நூறு வயதுப் பைன் மரம் ஒன்று சாலைக்கு மேலே கம்பியை இழுத்துக்கொண்டு விழுந்தது. கம்பி காய்ந்த புல்லில் முப்பது அடி நீளத்துக்குச் சுருண்டு கிடந்தது, செத்த கம்பியாக. பேருந்து அதற்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கி, விழுந்த மரத்தின் மேல் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போனார்கள்.

அலுவலகத்தில் கை தட்டினார்கள். டோலன்காரர்கள் இந்த முறை மூன்று கூடை அனுப்பினார்கள். பெல்ட்ரான் ஒரு கூடையை என் மேசையில் வைத்து, "தின்னு, சில்வேரா. ஒரு பள்ளத்தாக்கையே காப்பாத்தியிருக்க," என்றான். நான் தொடவில்லை. ஆர்வில் செய்ததை அறிக்கையில் 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதினேன். பத்தொன்பது வருடத்தில் நான் தெரிந்தே எழுதிய முதல் பொய். அதற்கு முன் போனில் சொன்ன அந்த ஒரு சொல் பொய்யா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வேலை எதுவும் இல்லாமலே டோலனுக்கு இறங்கினேன். காற்று அடங்கி, மின்சாரம் வந்து ஒரு நாள் ஆகியிருந்தது. வாசலுக்கு வரும்போதே பீப் சத்தம் கேட்டது. ஆர்வில் மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை. கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, வழிவிட்டார்.

"இன்னும் வரல," என்றார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தேன். அறைக்குள் போனதும் கேட்க வேண்டியது அவரிடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையணைப் பக்கம் குனிந்தேன். பக்கத்தில் மெஷின் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"லவான்," என்றேன். "போன்ல கேட்டப்ப நான் 'இருக்காங்க'ன்னு சொல்லியிருக்கணும்."